பேசாத பிள்ளைக்கும் கதை வாசியுங்கள்



நமது மருத்துவமனையின் பிள்ளைகள் பகுதியைப் பார்க்க வருகிற ஆதரவாளர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. பிசியோதெரபி அறை எதற்கு என்று அவர்களுக்குப் புரிகிறது. வலிப்பு மருந்து, காது கேட்கும் கருவி, சாய்ந்து உட்கார உதவும் மரநாற்காலி இவையும் புரிகின்றன. அடுத்த அறையில் ஒரு தாய் பாயில் உட்கார்ந்து, கண் தெரியாத, பேச்சு வராத, தலை நிற்காத தன் மகளுக்குத் துணிப்பையிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துத் தொடக் கொடுத்துக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். அங்கே வந்ததும் தயங்கி நின்று, "ஐயா, இந்தப் பிள்ளைக்கு இதில் என்ன புரியப்போகிறது?" என்று மெதுவாகக் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். பல வேளைகளில் அந்தத் தாய்மாரே முதல் நாளில் எங்களிடம் இதைத்தான் கேட்கிறார்கள். ஆகவே இக்கதை வாசிப்பு என்றால் என்ன, எப்படிச் செய்யப்படுகிறது, சிகிச்சையோடு இதுவும் ஏன் தேவைப்படுகிறது என்பதை இந்த இதழில் சற்று விரிவாக எழுதுகிறோம்.

இப்பிள்ளைகள் யார்?

ஒரே பிள்ளைக்கு இரண்டோ அதற்கு மேலோ குறைபாடுகள் சேர்ந்திருப்பதைப் பலவகைக் குறைபாடு என்கிறோம். மூளை முடக்குவாதத்தோடு பார்வைக் குறைவு, காது கேளாமையோடு பார்வையின்மை, அறிவு வளர்ச்சிக் குறைவோடு அடிக்கடி வரும் வலிப்பு என்று இது பல விதமாக அமையும். பிரசவ நேரத்தில் மூளைக்குப் பிராணவாயு குறைதல், குறைமாதப் பிறப்பு, பிறந்த சில நாட்களில் கவனியாமல் விடப்பட்ட கடும் மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல், மரபணுக் கோளாறுகள் ஆகியவை காரணங்களில் முக்கியமானவை. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா நோய் கண்டால், பிள்ளையின் கண், காது, இருதயம் மூன்றுமே பாதிக்கப்படலாம். அதைத் தடுப்பதற்கான தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கியது. உங்கள் சபையில் உள்ள இளந்தாய்மாருக்கு இத்தடுப்பூசியைப் பற்றிச் சொல்லுங்கள்.

சட்டம் இப்பிள்ளைகளைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கியதும் அண்மையில்தான். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே பட்டியலில் இருந்தன. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் பலவகைக் குறைபாட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலை 21 ஆக்கி, காதும் கண்ணும் ஒருங்கே பாதிக்கப்பட்டவர்களையும் அதில் சேர்த்தது. இவர்களுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இயங்கி வருகிறது.

குறைபாடுகள் சேரும்போது நேர்வதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். கண் தெரியாத பிள்ளை காதாலும் விரலாலும் உலகத்தை அறிகிறது. அதற்குப் பிரெயில் எழுத்து இருக்கிறது. அவ்வெழுத்தை அடிக்கும் பெர்கின்ஸ் இயந்திரங்கள் நமக்குப் பக்கத்திலேயே, காட்பாடி வொர்த் டிரஸ்டில், மாற்றுத்திறனாளிகளின் கைகளால் செய்யப்பட்டு வந்திருக்கின்றன. காது கேளாத பிள்ளை கண்ணால் கற்கிறது. அதற்குச் சைகை மொழி இருக்கிறது. கண்ணும் தெரியாமல் கைவிரலும் சொன்னபடி கேளாத பிள்ளை என்ன செய்யும்? ஒரு குறையை ஈடுசெய்யும் வழியை மற்றொரு குறை அடைத்துவிடுகிறது. இப்பிள்ளைகளுக்குப் புத்தகம் வேறு உருவத்தில் வரவேண்டியிருப்பது இதனால்தான்.

பேச்சு குறைந்துபோன வீடு

ஓடியாடும் பிள்ளையின் காதில் ஒரு நாளில் எத்தனை விதமான பேச்சு விழுகிறது! கேள்வி கேட்கிறது, பதில் பெறுகிறது, அடம்பிடிக்கிறது, திட்டு வாங்குகிறது, பாட்டியிடம் கதை கேட்டுத் தூங்குகிறது. பேசாத பிள்ளையிடம் வீட்டார் பேசுவதோ மெல்ல மெல்லக் குறைந்துபோகிறது. அன்பில் குறைவில்லை. பதில் வராத இடத்தில் நெடுநாள் பேசிக்கொண்டிருப்பது மனிதருக்குக் கடினம். "வாயைத் திற", "முழுங்கு", "கையை நீட்டு", "தூங்கு" என்று நாலைந்து கட்டளைகளே கடைசியில் மிஞ்சுகின்றன. எட்டு வயது, பத்து வயது ஆன பிள்ளைக்கு இதுவரை யாரும் ஒரு கதையும் சொன்னதில்லை என்று பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

மொழி வளருவதற்குக் கேட்பது வேண்டும். கேட்டதற்குத் தன் பங்காக ஏதாவது செய்ய இடமும் வேண்டும். 1988-இல் அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்னும் உளவியலாளரும் உடன் உழைத்தவர்களும், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு புதிய வாசிப்பு முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஓட்டமாக வாசிக்காமல், நடுநடுவே கேட்டு, குழந்தை சொன்னதை எடுத்து இன்னும் சற்றுச் சேர்த்துத் திருப்பிச் சொல்வதே அம்முறை. ஒரு மாதத்திலேயே அக்குழந்தைகளின் பேச்சு முன்னேறியது. அவர்கள் குறைபாடு இல்லாத குழந்தைகள். வாய்ப் பேச்சு இல்லாத பிள்ளைகளுக்கு ஏற்ற விதமாக வட கரோலினா பல்கலைக்கழகத்தின் எழுத்தறிவு மற்றும் மாற்றுத்திறன் மையத்தார் ஒரு முறையை எளிமையாகச் சொல்லித் தந்தார்கள். கதையைப் பற்றி முதலில் நீங்கள் ஏதாவது சொல்லுங்கள், காத்திருங்கள். பிறகு பிள்ளையும் பங்கெடுக்கும்படி ஏதாவது கேளுங்கள், காத்திருங்கள். பிள்ளை எதைச் செய்தாலும் அதை ஒரு பதிலாக ஏற்றுக்கொண்டு மறுமொழி கொடுங்கள்.

கதைப் பை

காதும் கண்ணும் ஒருங்கே பாதிக்கப்பட்ட பிள்ளைகளோடு நெதர்லாந்தில் உழைத்த யான் ஃபான் டைக் என்பவர், ஒரு பொருளையே ஒரு சொல்லாகப் பயன்படுத்தும் வழியைப் பலருக்கும் கற்பித்தார். கரண்டியைக் கையில் வைத்தால் சாப்பாட்டு வேளை. துண்டை வைத்தால் குளியல். இங்கிலாந்தில் பேக் புக்ஸ் என்ற அமைப்பும், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பாமிஸ் என்ற அமைப்பும் இதைப்போலத் தொட்டும், முகர்ந்தும், கேட்டும் அறிகிற கதைகளை உருவாக்கின. கதையில் சில வாக்கியங்களே இருக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பொருள். அப்பொருளே அந்தப் பக்கம்.

விலை கொடுத்து வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியது இதில் எதுவும் இல்லை. ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் ஒரு தாய், எங்கள் ஊழியரோடு உட்கார்ந்து தன் மகளுக்காக உண்டாக்கிய கதை இது:

1. விடிந்தது, அம்மா முகம் கழுவினாள். (ஈரத்துணி கன்னத்தில் படும்.)
2. அம்மா பூ வைத்துக்கொண்டாள். (மல்லிகைச் சரம் மூக்கருகே வரும்.)
3. அம்மா சோறு கட்டினாள். (எவர்சில்வர் டிபன் பாக்ஸின் மூடி சத்தத்தோடு மூடப்படும்.)
4. கம்பெனி வேன் வந்தது. (ரப்பர் ஆரன் ஒலிக்கும்.)
5. அம்மா போய்விட்டாள். (துப்பட்டா பிள்ளையின் கைமேல் மெதுவாக நழுவிப் போகும்.)
6. சாயங்காலம், அம்மா வந்துவிட்டாள்! (அதே துப்பட்டாவோடு அம்மா அணைத்துக்கொள்வாள். அதில் தோல் வாசனை இருக்கும்.)

இதில் ராஜாவும் இல்லை, நரியும் இல்லை. அந்தப் பிள்ளையின் ஒரு நாள் இருக்கிறது. அம்மா போனால் திரும்பி வருவாள் என்கிற, எந்தக் குழந்தையும் கற்கவேண்டிய முதல் நிச்சயம் இருக்கிறது. பகல் முழுவதும் அவளைப் பார்த்துக்கொள்கிற பாட்டியும் இக்கதையைச் சொல்கிறார். சில வாரங்களுக்குப் பின் ஒரு நாள் மூன்றாம் வாக்கியத்தை முடித்துவிட்டுப் பாட்டி நிறுத்தியபோது, ஆரன் ஒலிக்கும் முன்பே பிள்ளை மூச்சை அடக்கி, தலையை அந்தப் பக்கமாகத் திருப்பினாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "புரியுமா?" என்ற கேள்விக்கு நாங்கள் காட்டக்கூடிய பதில் இப்படிப்பட்ட சிறு அசைவுகளே.

எப்படி வாசிப்பது?

வீட்டிலோ ஞாயிறு பள்ளியிலோ செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காகச் சில காரியங்களை எழுதுகிறோம்.

முதலாவது, பிள்ளை உட்காரும் விதம். தலையும் முதுகும் தாங்கப்படாவிட்டால், பிள்ளையின் பலமெல்லாம் விழாமலிருக்கவே செலவாகிவிடும். மடியிலா, நாற்காலியிலா, ஒருக்களித்துப் படுத்தா என்பதைப் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்ட உடனேயும், மருந்தின் மயக்கம் உள்ள நேரத்திலும் வேண்டாம்.

இரண்டாவது, ஒரே கதையை ஒரே சொற்களால், ஒரே வரிசையில், நாள்தோறும் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு இது சலிப்பாயிருக்கும். பிள்ளைக்கோ பலமுறை கேட்டால்தான் அடுத்தது இன்னது என்று எதிர்பார்க்க முடியும். எதிர்பார்க்கத் தொடங்கிய பிறகே கதை அதனுடையதாகும்.

மூன்றாவது, காத்திருங்கள். ஒரு வாக்கியம் சொன்னபின் மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். மூளை முடக்குவாதமுள்ள பிள்ளை கேட்டதைப் புரிந்து, உடலை இணங்கச் செய்து, ஓர் அசைவைக் காட்ட நேரமாகும். நாம் அவசரப்பட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டால், வந்துகொண்டிருந்த பதில் பாதியிலே நின்றுவிடும். பதில் எப்போதும் சிரிப்பாகவே வராது. மூச்சு நிற்கும், கண் அசையும், கால் விரல் விரியும், வாய் திறக்கும். எது தன் பிள்ளையின் பதில் என்பதைத் தாய் விரைவில் கற்றுக்கொள்கிறார்.

நான்காவது, கையைப் பிடித்து இழுத்துப் பொருளின்மேல் வைக்காதீர்கள். கண் தெரியாத பிள்ளைக்குக் கையே கண். உங்கள் கையைப் பொருளின்மேல் வைத்து, பிள்ளையின் கை உங்கள் கையின் மேலே இருக்கும்படி விடுங்கள். மெல்ல உங்கள் கையை விலக்கினால், அது தானாகவே தொட்டுப் பார்க்கும், வேண்டாமென்றால் விலகும். விலகுவதும் ஒரு பதிலே.

ஐந்தாவது, கண் நன்றாயிருந்தும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் பார்வை தெளியாத பிள்ளைகள் உண்டு. படங்கள் நிறைந்த பக்கம் அவர்களைக் குழப்பும். கறுப்புத் துணியை விரித்து, அதன்மேல் சிவப்போ மஞ்சளோ ஆன ஒரே ஒரு பொருளை வைத்து மெதுவாக அசைத்துக் காட்டினால், பலரால் அதைக் கவனிக்க முடிகிறது.

ஆறாவது, வீட்டு மொழியிலே சொல்லுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் பல வீடுகளில் உருது பேசுகிறார்கள். ஆந்திர எல்லையோரம் தெலுங்கு பேசுகிறார்கள். அம்மாவின் மொழியே கதையின் மொழி. பிரதம் புக்ஸ் நிறுவனத்தார் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், உருது, தெலுங்கு மொழிகளில் குழந்தைக் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றைச் சுருக்கி, பொருள்கள் சேர்த்து, கதைப் பை ஆக்கலாம்.

பிள்ளையும் தன் குரலால் சேர ஒரு வழியுண்டு. கதையில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியத்தை அண்ணனோ அக்காவோ கைபேசியில் பதிவு செய்து, பிள்ளை தொட்டால் ஒலிக்கும்படி வைக்கலாம். சென்னையில் உருவான ஆவாஸ் என்னும் செயலி, படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கிறது. பேச்சு வராத பிள்ளைகள் பலர் அதன் உதவியால் தங்கள் மனதைத் தெரிவிக்கிறார்கள்.

ஓர் எச்சரிப்பு

ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் சபையார் சிலர், தொட்டுப் பார்க்கும் பக்கங்களுக்கு உதவுமென்று தோல் வெட்டுத் துண்டுகளை அன்போடு கொண்டுவருகிறார்கள். அவர்கள் அன்புக்கு நன்றி. ஆனாலும் அவற்றைப் பிள்ளைகளிடம் கொடுப்பதில்லை. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டார்கள். இன்று பெரும்பாலும் குரோமியம் உப்புகளால் பதனிடுகிறார்கள். இப்பிள்ளைகள் பலர் பொருளை வாயில் வைத்தே அறிகிறவர்கள். ஆகவே துவைத்த பருத்தித் துணி, தேங்காய் ஓடு, எவர்சில்வர் கிண்ணம் போன்றவை போதும். ஷூ ஒட்டும் பசையின் வாசனையும் வேண்டாம். விழுங்கக்கூடிய சிறு மணிகள், வலிப்புள்ள பிள்ளைக்கு மின்னி மின்னி எரியும் விளக்குகள் இவற்றையும் தவிர்க்கவேண்டும்.

யார் வாசிப்பது?

வேலூரில் இதற்கு ஒரு நல்ல பாரம்பரியம் உண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில், தொடக்க காலம் முதலே நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கினார்கள். அங்குள்ள நம்பிக்கை நிலையத்தில் அறிவு வளர்ச்சிக் குறைவுள்ள பிள்ளைகளின் பெற்றோரும் பயிற்சி பெறுகிறார்கள். 1999-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான வேலூர் ஆய்வு, பெற்றோர் குழுவாக உட்கார்ந்து பேசிக் கற்றபோது, தங்கள் பிள்ளையைக் குறித்த அவர்களுடைய மனப்பான்மை மேம்பட்டதைக் காட்டியது. கதை வாசிப்பும் இவ்வழியிலேயே போகிறது. எங்கள் ஊழியர் வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளையோடு இருக்கலாம். மீதி நேரமெல்லாம் அது வீட்டில்தானே இருக்கிறது.

போதகர்களாகிய எங்களிடம் தாய்மார் முதலில் சொல்லுவது கதையைப் பற்றியல்ல. "நான் என்ன பாவம் செய்தேன்?" என்றே கேட்கிறார்கள். பிறவிக் குருடனைக் கண்டபோது சீஷர்களும் அதையே கேட்டார்கள். ஆண்டவர் அந்தக் கேள்வியை ஏற்றுக்கொள்ளவில்லை. இதை நாங்கள் தாய்மாருக்கு எத்தனை தரம் எடுத்துச் சொன்னாலும், வார்த்தை மனதில் இறங்கச் சில வேளை நாளாகிறது. தன் பிள்ளை தன் குரலுக்கு முகம் திருப்புவதைக் காண்கிற தாயின் முகத்தில், எங்கள் பிரசங்கம் செய்யாத வேலை நடந்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். பேசத் தெரியாமலிருந்த இருவருக்குள் ஒரு பேச்சு தொடங்கிவிட்டது.

இது செய்யாதவை

அன்பர்களே, உங்களுக்கு உண்மையை உள்ளபடி எழுதவேண்டும். கதை வாசிப்பு எந்தக் குறைபாட்டையும் நீக்குவதில்லை. வலிப்பு மருந்துக்கோ, உடற்பயிற்சிக்கோ, கண்ணாடிக்கோ இது பதிலாகாது. மேல்நாடுகளில் தொட்டறியும் கதைகளைப் பற்றிச் செய்யப்பட்ட ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. என்றாலும் அவை சில பிள்ளைகளை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வுகள். சில பிள்ளைகள் மாதக்கணக்கில் ஓர் அடையாளமும் காட்டமாட்டார்கள். அப்போதும் தொடர்ந்து வாசிக்கச் சொல்லுகிறோம். பதில் தெரியாததால் கேட்கவில்லை என்று நாம் முடிவு செய்து, அம்முடிவு தவறாயிருந்தால், நஷ்டம் பிள்ளைக்கு. கேட்கிறது என்று நம்பி வாசித்து, அது தவறாயிருந்தால், யாருக்கும் நஷ்டமில்லை.

இப்பிள்ளைகளில் சிலர் நீண்ட ஆயுசு உள்ளவர்கள் அல்ல. சிலரை நாங்களே அடக்கம் செய்திருக்கிறோம். அவர்களுக்குச் சொன்ன கதைகள் வீணாய்ப் போயின என்று எந்தத் தாயும் எங்களிடம் சொன்னதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது

காது கேளாமலும் நாக்கு கொன்னையாகவும் இருந்த ஒருவரை ஆண்டவரிடம் கொண்டுவந்த சம்பவம் மாற்கு சுவிசேஷத்தில் இருக்கிறது. இரண்டு குறைபாடுகளுள்ள மனிதர் அவர். ஆண்டவர் அவரைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப்போய், காதிலே விரல்களை வைத்து, நாவைத் தொட்டார். கேளாத ஒருவரோடு பேசுவதற்கு முன், அவருக்கு விளங்கும்படி தொட்டார். இந்த ஊழியத்துக்கு நாங்கள் பார்க்கிற மாதிரி அதுவே.

உங்கள் சபையிலும் ஞாயிறு பள்ளிக்கோ விடுமுறை வேதாகமப் பள்ளிக்கோ ஒருபோதும் வராத பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். வீட்டார் கூச்சப்பட்டு அழைத்து வராமல் இருப்பார்கள். அந்த வீட்டுக்குப் போங்கள். பெற்றோரிடம் மட்டும் பேசிவிட்டு வராமல், பிள்ளையின் பெயர் சொல்லி, அதன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சிறு கதையைச் சொல்லிவிட்டு வாருங்கள். மாதர் சங்கத்தார் துவைத்த துணிகளால் கைப்பிடியுள்ள பைகளைத் தைத்து அனுப்பலாம். வாலிபர்கள் தங்கள் வீட்டு மொழியில் கதைகளைப் பதிவு செய்து தரலாம். உங்கள் காணிக்கையால் கதைப் பைகளும், வீடுகளுக்குச் சென்று கற்றுக்கொடுக்கும் ஊழியரின் பயணமும் தாங்கப்படுகின்றன.

ஜெபக் குறிப்புகள்: கம்பெனி வேலையும் வீட்டு வேலையும் முடித்து, களைத்த கண்களோடு கதை சொல்ல உட்காருகிற தாய்மாருக்காக; பகலெல்லாம் பேரப்பிள்ளைகளைத் தாங்குகிற பாட்டிமாருக்காக; பொறுமையோடு காத்திருந்து பதிலைக் கவனிக்கிற எங்கள் ஊழியருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் அன்பின் பணியில்,
மருத்துவமனைப் போதகர் ஊழியம்